சிட்டையும் பேரேடும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிந்தபோது வாசல் மேசையில் ஓர் அட்டைப் பெட்டி வைத்திருந்தோம். தன் வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஏதாவது ஒரு முறையைக் கைக்கொள்வது பற்றி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதிப் போடலாம் என்று சொல்லியிருந்தோம். 41 சீட்டுகள் விழுந்திருக்கின்றன. மூன்று நாளாக அவற்றைத்தான் எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சீட்டுகளில் கேள்வியைவிட வருத்தம்தான் அதிகம். "மூன்று நோட்டு வாங்கி மூன்றையும் பாதியில் விட்டேன்" என்று ஒருவர். "படிக்க வேண்டியதைப் பட்டியல் போடுவதிலேயே பொழுது போய்விடுகிறது" என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி. ஒரு சீட்டு பென்சிலில், பெயர் இல்லாமல், ஐந்து வரி. அதைக் கடைசியில் எடுக்கிறேன். அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

முதலில் அதிகம் பேர் கேட்டதைப் பார்த்துவிடுவோம். 11 பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: எந்தச் செயலி நல்லது? நோட்டில் எழுதுவதா, செல்பேசியில் வைப்பதா?

இதற்கு நான் என் அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளி விட்டதும் நான் நேரே மண்டிக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு நோட்டு கிடக்கும். அதுதான் சிட்டை. லாரி வந்ததா, மூட்டை இறங்கியதா, ஒருவர் முன்பணம் கொடுத்தாரா, வெள்ளிக்கிழமை பாக்கி தருகிறேன் என்று இன்னொருவர் வாய்ச்சொல் சொன்னாரா, எல்லாம் வந்த வரிசையிலேயே சிட்டையில் விழும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். கையெழுத்து கோணலாக இருக்கும், பென்சிலும் பேனாவும் கலந்திருக்கும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள்.

விளக்கு வைத்த பிறகு அப்பா பேரேட்டை எடுப்பார். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். சிட்டையில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படித்து, இது யார் கணக்கு, வரவா பற்றா என்று தீர்மானித்து, உரிய பக்கத்தில் ஏற்றுவார். ஏற்றிய வரியில் ஒரு சின்னக் கீற்றுப் போடுவார். கீற்று விழாத வரி ஒன்றாவது இருந்தால் மண்டி அன்று அடைக்கப்படாது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் முதலாளி தினமும் கேட்பார்: "நாளைக்கு நமக்கு வரவேண்டியது என்ன, நாம கொடுக்கவேண்டியது என்ன?" அப்பா பேரேட்டைப் பார்த்துச் சொல்லுவார். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்து, புதுக்கணக்கில் பிள்ளையார் சுழி போட்டு, பழைய பாக்கியை முன்பாக்கியாகக் கொண்டுவருவார்கள்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001-இல் 'கெட்டிங் திங்ஸ் டன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2015-இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். இன்று உங்கள் செல்பேசியில் இருக்கும் வேலைப்பட்டியல் செயலிகள் பலவற்றுக்குப் பின்னால் அந்தப் புத்தகத்தின் சிந்தனை இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது விருதுநகர் மண்டிதான்.

ஆலன் சொல்வது ஐந்து படிகள். மனத்தில் உறுத்துகிற எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிப் போடு. பிறகு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது என்ன, இதில் நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்று தீர்மானி. தீர்மானித்ததை உரிய பட்டியலில் சேர். பட்டியல்களை வாரம் ஒருமுறையாவது முழுவதும் பார். பிறகு வேலையைச் செய். முதல் படி சிட்டை. இரண்டாவதும் மூன்றாவதும் பேரேட்டில் ஏற்றுவது. நான்காவது, முதலாளியின் சாயங்காலக் கேள்வி.

செயலி, நோட்டு கேள்விக்கு இதுதான் பதில். சிட்டையில் எழுதவும் பேரேட்டில் ஏற்றவும் எது உங்களுக்குக் கை வருமோ அது நல்லது. செல்பேசி எப்போதும் கையில் இருக்கிறதென்றால் அதில் எழுதுங்கள். செல்பேசியைத் திறந்ததும் வேறு எங்கோ போய்விடுகிறேன் என்றால் ஒரு சாதாரண நோட்டு போதும். நான் 30 ஆண்டுக்கு மேல் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு நோட்டுதான் சரிப்படுகிறது. என் மகள் முழுக்க முழுக்கச் செல்பேசியில் வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடக்கிறது. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: சிட்டை ஒன்றுதான் இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் இரண்டு. காலண்டர் தாளில் ஒன்று, மின்கட்டண ரசீதின் பின்னால் ஒன்று, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டது ஒன்று, உள்ளங்கையில் ஒன்று என்று சிதறிக் கிடந்தால் சாயங்காலம் எதைப் பார்த்து ஏற்றுவது?

எழுதுவதும் ஏற்றுவதும் வேறு வேறு வேலை. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். பட்டியல் பயமுறுத்துகிறது என்று எழுதிய ஏழெட்டுப் பேருக்கும் நான் இதைத்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது சிட்டை மட்டும். அதையே பேரேடு என்று நினைத்து அதிலிருந்து வேலை செய்யப் பார்க்கிறீர்கள்.

ஓர் உதாரணம். "தங்கை கல்யாணம்" என்று பட்டியலில் ஒரு வரி. அதை எப்படிச் செய்வது? காலையில் எழுந்து கல்யாணத்தைச் செய்ய முடியாது. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு கனம் ஏறும், கண் அடுத்த வரிக்குத் தாவும். ஒன்றுக்கு மேற்பட்ட செயல்களால் முடியக்கூடிய எதையும் ஆலன் தனி வகையாகப் பிரித்து வைக்கச் சொல்கிறார். கல்யாணம், வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பாஸ்போர்ட் புதுப்பிப்பது எல்லாம் அந்த வகை. அந்த வகையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் உடனே கையால், காலால், வாயால் செய்யக்கூடிய அடுத்த செயல் எது என்று ஒன்றை மட்டும் எழுத வேண்டும். "மண்டபத்துக்குப் போன் செய்து ஆவணி முகூர்த்த நாட்களில் எது காலி என்று கேட்க வேண்டும்." இது செய்யக்கூடியது. ஐந்து நிமிடம். செய்த பிறகு அடுத்தது தானாகத் தெரியும்.

அப்படி வந்த செயல்களை எங்கே வைத்துச் செய்ய முடியும் என்பதை வைத்துப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. போனில் பேச வேண்டியவை ஒரு பக்கம். கடைத்தெருவுக்குப் போனால் முடிக்க வேண்டியவை ஒரு பக்கம். அண்ணனைப் பார்த்தால் கேட்க வேண்டியவை ஒரு பக்கம். நம் தாத்தா பாட்டிகள் டவுனுக்குப் புறப்படும்போது மஞ்சள் பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். மருந்து, உளுந்து, தையற்கடை, தபாலாபீஸ். அந்தச் சீட்டேதான். இன்னொரு பக்கம் மிக முக்கியம்: அடுத்தவரிடமிருந்து வரவேண்டியவை. கொடுத்த கைமாற்று, இரவல் போன புத்தகம், சொல்லி வைத்த தச்சர். எந்தத் தேதியில் கேட்டோம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சண்டை வராமல் கேட்க முடியும். இரண்டு நிமிடத்தில் முடியக்கூடிய வேலையாக இருந்தால் அதை எங்கும் ஏற்றாமல் அப்போதே செய்து முடிக்கச் சொல்கிறார் ஆலன். எழுதி, ஏற்றி, மறுபடி பார்க்கும் செலவு அதைவிட அதிகம். ஆனால் இந்த இரண்டு நிமிட விதி சிட்டையிலிருந்து ஏற்றும் வேளைக்கு உரியது. பகல் முழுவதும் இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமாகக் கரைத்துவிட்டுப் பெரிய வேலை நடக்கவில்லை என்று வருந்தக் கூடாது.

ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "எல்லாம் என் மனத்தில் இருக்கிறது. எழுதினால் ஞாபகசக்தி குறைந்துவிடாதா?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மனப்பாடத்தை மதித்த பரம்பரை நாம். ஆனால் செய்யுளை மனத்தில் வைப்பதும் காஸ் சிலிண்டர் பதிவு செய்ததை மனத்தில் வைப்பதும் ஒன்றாகாது. புளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் பெர்லினில் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார். ஆட்களுக்கு ஏறக்குறைய 20 சிறு வேலைகள் கொடுத்தார். களிமண்ணில் உருவம் செய்வது, அட்டையில் பெட்டி செய்வது, கணக்குப் போடுவது இந்த மாதிரி. பாதி வேலைகளை நடுவில் நிறுத்திவிட்டார். பிறகு கேட்டபோது, முடித்த வேலைகளைவிட நின்றுபோன வேலைகள்தாம் அவர்கள் ஞாபகத்தில் அதிகம் இருந்தன. பின்னால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கெல்லாம் இதே முடிவு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஞாபகம் கூடுகிறதோ இல்லையோ, முடிக்காத வேலை நம் கவனத்தில் குறுக்கே வருவதை 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் வேறு விதமாகச் சோதித்தார்கள். முடிக்காத வேலை உள்ளவர்களை ஒரு நாவலின் சில பக்கங்களைப் படிக்கச் சொன்னார்கள். அந்த வேலை அவர்கள் மனத்தில் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அதை எப்போது எப்படி முடிப்பது என்று திட்டம் எழுதிய பிறகு படித்தவர்களுக்குக் குறுக்கீடு குறைந்தது. கவனியுங்கள், அவர்கள் வேலையை முடிக்கவில்லை. திட்டம்தான் எழுதினார்கள். மனம் அதை விட்டுவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, நாளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று உறைக்கிறதே, அந்த வேளையில் நம்மால் கட்டணத்தைக் கட்டவும் முடியாது, தூங்கவும் முடியாது. அந்த இரண்டு மணி விழிப்பை நிறுத்தத்தான் எழுதச் சொல்கிறேன். டீச்சர், உங்கள் ஞாபகசக்தி செய்யுளுக்கு இருக்கட்டும்.

இனி, என் மனத்துக்கு நெருக்கமான கேள்வி. மூன்று நோட்டு வாங்கி மூன்றையும் பாதியில் விட்டவர் கேட்டிருப்பது: "எல்லோரும் மூன்று வாரம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோமே, ஏன்? எங்களுக்கு மனவுறுதி போதவில்லையா?"

இந்த மாதிரிக் குறிப்பேடு வைத்தவர்களில் பெரிய மனிதர் பெஞ்சமின் பிராங்க்ளின். 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, குணத்துக்கு ஒரு பக்கம், பக்கத்தில் வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு கட்டம் என்று கோடு கிழித்து, தவறிய நாளில் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணம். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. அந்தப் பதிமூன்றில் தனக்கு மிகவும் தொல்லை கொடுத்தது 'ஒழுங்கு' என்ற குணம்தான் என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதை அவரால் முழுமையாகப் பழக முடியவில்லை. ஆகவே மனவுறுதி பற்றி நாம் நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

அப்பாவும் பிராங்க்ளினைவிட மனவுறுதி படைத்தவர் அல்லர். அவர் 35 ஆண்டு நாள் தவறாமல் பேரேடு எழுதியதற்குக் காரணம், தினமும் சாயங்காலம் ஒருவர் கேட்டார். கேட்கப்போகிறார் என்று தெரிந்ததால் எழுதினார். எழுதியிருந்ததால் சொல்ல முடிந்தது. நம் நோட்டை யார் கேட்கிறார்கள்? யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அது மூன்றாவது வாரம் அலமாரிக்குப் போகிறது.

ஆனால் கேட்க ஆள் இருந்தால் மட்டும் போதாது. இதற்கு என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் காலத்தில் அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு இருந்தது. வருகிற ஒவ்வொரு தபாலுக்கும் எண் போட்டு, யாரிடமிருந்து வந்தது, யாருக்கு எழுதினோம், நினைவூட்டு எப்போது போனது, எப்படி முடிந்தது என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். கடைசிக் கட்டம் நிரம்பும் வரை அது நிலுவை. நீண்ட நாளைக்கு எதுவும் செய்ய வாய்ப்பில்லாத கோப்பைத் தனியாகக் 'கால் புக்' என்ற பதிவேட்டில் ஏற்றி வைப்போம். கண்காணிப்பாளர் குறிப்பிட்ட நாட்களில் பதிவேட்டை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நல்ல ஏற்பாடு. நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். ஒரு மதியம் முதியவர் ஒருவர் முதியோர் உதவித்தொகை மனுவைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். கூட்டம் அதிகம். சாயங்காலம் பதிவு செய்துகொள்ளலாம் என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். அன்று சாயங்காலம் வேறு அவசரம். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு தாள்.

அவர் இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டு முறையும் நான் பதிவேட்டைப் புரட்டினேன். அதில் அவர் பெயர் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். கண்காணிப்பாளரும் தவறாமல் என் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பதிவேட்டில் ஏறாத தாள் அவர் கண்ணில் எப்படிப் படும்? நான்காவது மாதம் மேசையைத் துடைக்கக் கண்ணாடியைத் தூக்கியபோது அந்த மனு கிடைத்தது. அவருடைய நான்கு மாதச் சாப்பாடு என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்திருக்கிறது. அன்றைக்கே கோப்பு வைத்துக் கையெழுத்து வாங்கினேன். அந்த நான்கு மாதத்தை என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை. இப்போதும் ஒரு தாளைக் கையில் வாங்கினால் உட்காருவதற்கு முன் எழுதிவிடுகிறேன் என்றால், அது ஒழுக்கத்தால் வந்த பழக்கம் இல்லை. அவர் முகம்.

இந்தச் சம்பவத்திலிருந்து நான் இரண்டு வேலைகளைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, வந்ததெல்லாம் சிட்டையில் விழ வேண்டும். இரண்டு, வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதாது, கண்ணாடிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். கைப்பை, சட்டைப்பை, மின்னஞ்சல், பிள்ளையின் பள்ளிக்கூட டைரி, எல்லாம். எனக்கு ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு. காப்பி, நோட்டு, வேறு ஒன்றும் கிடையாது. முதலில் சிட்டையை ஏற்றுவேன். பிறகு போன வாரக் காலண்டரைப் பார்ப்பேன். யாருக்காவது ஏதாவது சொல்லிவிட்டு வந்தேனா? அடுத்த இரண்டு வாரக் காலண்டரைப் பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு பெரிய வேலைக்கும் அடுத்த செயல் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக, இனி செய்யப்போவதில்லை என்று தெரிந்தவற்றை அடிப்பேன். இந்தக் கடைசி வேலைக்குத்தான் துணிச்சல் வேண்டும்.

புல்லட் ஜர்னல் என்ற நோட்டு முறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். இணையத்தில் வண்ணம் தீட்டி, பூ வரைந்து போடுகிறார்கள். அதை 2013-இல் அறிமுகப்படுத்தியவர் ரைடர் கேரல். சிறு வயதிலிருந்தே கவனக்குறைபாட்டோடு போராடியவர். அவருடைய முறையின் உயிர் பூவில் இல்லை. மாதம் முடிந்ததும் முடியாத வேலைகளை அடுத்த மாதப் பக்கத்துக்குக் கையாலேயே மறுபடி எழுத வேண்டும் என்பதில் இருக்கிறது. மறுபடி எழுதச் சோம்பலாக இருக்கிறதா? அப்படியானால் அந்த வேலை உங்களுக்கு வேண்டியதுதானா? இதையேதான் மண்டியில் முன்பாக்கி என்றார்கள். பூ வரைவதை நான் குறை சொல்லவில்லை. பூ இல்லாத நோட்டும் நிலைக்கும், மாதக் கடைசியில் உட்காராத நோட்டு நிலைக்காது.

ஆகவே பாதியில் விட்டவர்களே, எந்த முறை என்று தேடுவதை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த நாற்காலியில் என்று மட்டும் தீர்மானம் பண்ணுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் மாணவர்களிடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார். பாதிப் பேரை, எங்கே எப்போது உட்கார்ந்து எழுதுவீர்கள் என்றும் முன்கூட்டியே எழுத வைத்தார். அப்படி இடமும் நேரமும் எழுதியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். எழுதாதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் நோட்டைக் கேட்க முதலாளி இல்லை என்றால், ஞாயிறு ஏழு மணியை முதலாளியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு தோழியோடு சேர்ந்து உட்காருங்கள். அவர் நோட்டு அவருக்கு, உங்கள் நோட்டு உங்களுக்கு. எதிரில் ஓர் ஆள் இருந்தால் நாள் தவறாது.

போட்டித் தேர்வுத் தம்பிக்குச் சுருக்கமாக. நீங்கள் ஒரு நாளைக்கு 14 பாடம் எழுதி வைத்துவிட்டு 5 முடித்து, இரவில் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். கனடாவில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனாலும்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான கணக்குக்கும் மேலே. மனிதர்கள் எல்லோருக்கும் உள்ள கோணல் இது, உங்களுக்கு மட்டும் உள்ளதில்லை. ஒரு வாரம் பட்டியல் போடாமல், உண்மையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி ஆகிறது என்று மட்டும் குறித்து வாருங்கள். பிறகு அந்தக் கணக்கை வைத்துப் போடுங்கள். பட்டியல் சின்னதாகிவிடும். சின்னதாகட்டும்.

வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர், "கவுண்டரில் உட்கார்ந்தால் என் நேரம் என் கையில் இல்லை, இதெல்லாம் அதிகாரிகளுக்குத்தானே" என்று கேட்டிருக்கிறார். பாதி உண்மை. இந்தப் புத்தகங்களில் பல, தனி அறையும் தன் நேரமும் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் இடைவிடாமல் படித்தாரே, அந்தப் பொமடோரோ முறையைக் கவுண்டரில் வைத்துச் செய்ய முடியாது. அவர் அப்போது மாணவர். உங்களுக்குச் சிட்டை ஒன்று போதும். வரிசையில் நிற்பவர் கேட்டதை எழுதி, கவுண்டர் மூடியதும் ஏற்றுங்கள். என் மண்டிக் கதையில் சிட்டை எழுதியவர்கள் யாரும் அதிகாரிகள் இல்லை.

இனி பென்சில் சீட்டு. அப்படியே படிக்கிறேன்.

"எனக்கு நோட்டு வாங்கத் தெரியாமல் இல்லை. எழுத உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. யாருக்கு எது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் நான்தான் சொல்ல வேண்டும். ஞாபகம் இல்லை என்று நான் சொல்லக் கூடாது. எனக்கு ஒரு முறை உண்டா?"

அம்மா, அல்லது அக்கா, நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. உங்கள் சீட்டைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஞாயிறு ஏழு மணி, காப்பி, தனி நாற்காலி என்று நான் சொன்னதெல்லாம் உங்கள் முன்னால் நிற்காது. எனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதே ஓய்வு பெற்ற பிறகுதான். உங்களுக்குத் தெரியாத எந்த முறையையும் நான் கற்றுத்தரப் போவதில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதியில் தடுப்பூசி, மாமியாரின் மாத்திரை எத்தனை மிச்சம், ரேஷனில் பருப்பு எந்த வாரம், சீட்டுத் தவணை எப்போது, சலவைக்குப் போன துணி எத்தனை, அடுத்த மாதம் யார் வீட்டில் விசேஷம், என்ன செய்முறை செய்ய வேண்டும். நீங்கள் நடத்துவது மண்டியைவிடப் பெரிய பேரேடு. அது ஒருவர் தலைக்குள் இருக்கிறது, மற்றவர்கள் அதைப் பார்க்க முடியாது, பார்க்க முடியாததால் பங்கு எடுக்கவும் மாட்டார்கள். இதுதான் உங்கள் சுமை. இன்னொரு நோட்டு வாங்கித் தந்தால் அதை எழுதுவதும் உங்கள் வேலையாகிவிடும்.

ஆகவே இந்தப் பதிலை உங்கள் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு 17 வயதாக இருந்தபோது அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டாம் நாளே வீடு தடுமாறியது. பால்காரர் கணக்குக் கேட்டார். அம்மா சுவரில் கரியால் போட்ட கோடுகள் இருந்தன. எந்தக் கோடு அரைப்படி, எந்தக் கோடு கால்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாட்டியின் கஷாயத்துக்கு எது எவ்வளவு என்று தெரியவில்லை. தம்பிக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் தாண்டிப்போனது. அண்டா தீர்ந்த பிறகுதான் நல்ல தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை விடிகாலையில் வரும் என்பதே எனக்குத் தெரிந்தது. ஊரில் அத்தனை பேர் வரவு செலவையும் பைசா பிசகாமல் வைத்திருந்த அப்பாவுக்குத் தன் வீட்டு அரிசி எங்கே வாங்குகிறோம் என்று தெரியவில்லை. அடுக்களை வாசலில் அவர் வெகுநேரம் நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் நாங்கள் மதுரைக்குப் போனபோது அவர் கையில் ஒரு புதுச் சிட்டை நோட்டு இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, "சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு முதலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவர் பேனாவை மூடவில்லை, காத்திருந்தார். பிறகு அவள் பால் கணக்கிலிருந்து தொடங்கினாள். மெதுவாக, நடுநடுவே வலிக்கு நிறுத்தி நிறுத்தி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் சொன்னாள். ஆறு பக்கம் வந்தது. அப்பா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில், "இதையுமா நீ ஞாபகம் வச்சிருந்தே?" என்று கேட்டார்.

அன்றிரவு வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து, சிட்டையைப் பேரேட்டில் ஏற்றினார். ஆளுக்கு ஒரு பக்கம். அவர் பெயருக்கு ஒரு பக்கம், தம்பி பெயருக்கு ஒரு பக்கம், என் பெயருக்கு ஒரு பக்கம். ஏற்றிய வரியில் கீற்றுப் போட்டார். என் பக்கத்தில் 11 வரிகள் இருந்தன. முதல் வரி, ஒருநாள் விட்டு ஒருநாள் காலை நாலரைக்குத் தண்ணீர் பிடிப்பது. அப்பா பக்கத்தில் 19.

அந்த நோட்டு அடுக்களை ஆணியில் நூல் கட்டித் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா அதை எடுத்து, மண்டி முதலாளி கேட்கும் அதே குரலில் எங்கள் ஒவ்வொருவரிடமும் வரிவரியாகக் கேட்பார், தன்னுடையதையும் வாய்விட்டுப் படிப்பார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, உடம்பு தேறி, பழையபடி நடமாட ஆரம்பித்த பிறகும் அந்த நோட்டு ஆணியில்தான் இருந்தது. புதிதாக ஏதாவது வந்தால் அவளும் நின்றபடியே ஒரு வரி எழுதுவாள். எங்கள் பக்கங்களில் இருந்த வரிகளை அவள் திரும்பக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.